குச்சுக் கைனார்ஜி உடன்படிக்கை: மூலமும் உரையும்

தன்யூப் நதிக்குத் தெற்கே, இன்றைய பல்கேரியாவின் வடகிழக்கு மூலையிலே, சிலிஸ்திரியா நகருக்கு அண்மையிற் குச்சுக் கைனார்ஜி என்னும் சிற்றூர் ஒன்று உளது. சிறிய வெந்நீரூற்று என்பது அப்பெயரின் பொருளாம். 1774ஆம் ஆண்டு யூலை மாதம் 21ஆந் திகதி அவ்வூரிலமைந்த இரசியப் பாசறையிலே, படைத்தலைவர் ருமியந்சேவின் முன்னிலையில், ஆறாண்டுப் போர் ஒன்று முடிவுற்றது. இரசியாவின் சார்பில் இளவரசர் ரெப்னினும், ஒற்றோமன் பேரரசின் சார்பில் அகமது ரெஸ்மி எபெந்தி, இபுராகிம் முனிப் எபெந்தி என்னும் இருவரும் கையொப்பமிட்டனர். நடுநிலை வகித்து இணக்கஞ் செய்வதற்குப் பிற நாட்டுத் தூதுவர் எவரும் அங்கிலர். பேச்சும் ஒருசில நாட்களே நடந்தது. அச்சில நாட்களில் உருவான 28 உறுப்புரைகளும், அவற்றோடு சேர்த்த இரு தனி உறுப்புரைகளும், அடுத்த நூறாண்டுக் காலம் ஐரோப்பிய அரசியலறிஞரின் உறக்கத்தைக் கெடுத்தன.

கருங்கடலின் வடகரையில் ஒற்றோமன் ஆதிக்கம் முடிந்து இரசிய ஆதிக்கம் தொடங்கிய எல்லைக்கல் இவ்வுடன்படிக்கையே என்பது வரலாற்று நூல்கள் பலவற்றின் முடிபு. அம்முடிபு பிழையன்று. ஆயினும், ஓர் உடன்படிக்கை அதிகாரத்தை இடம் மாற்றியது என்று கூறுமிடத்து, அதன் எழுத்தே மாற்றியதா, அன்றி அவ்வெழுத்துக்குப் பிற்காலத்தார் உரைத்த பொருள் மாற்றியதா என்று வினவுதல் வேண்டும். மூலம் ஒன்று, உரை வேறொன்று என்பதைத் தமிழ் இலக்கணங் கற்றோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சூத்திரத்தில் இல்லாத விதியை உரையிற் கண்டு, அதனை ஆசிரியன் கருத்தென்றே கொண்டு வாதிடுதல் இலக்கண உலகிற் பெருந்தீங்கு விளைப்பதன்று. பேரரசுகளிடையே அது நிகழுமாயின் படைகள் புறப்படும். குச்சுக் கைனார்ஜியில் நேர்ந்தது அதுவே.

முதற்கண் அதற்கு முன்னிருந்த நிலையைச் சுருங்க நோக்குதல் தகும். 1475இல் கபா துறைமுகத்தைக் கைப்பற்றிக் கிரைமியாவின் கானைத் தமக்குக் கீழ்ப்படுத்திய காலந்தொட்டுக் கருங்கடல் ஒற்றோமன் சுல்தான்களின் வீட்டுக்குளம் போன்றிருந்தது. கொன்ஸ்தாந்திநோப்பிளின் அடுப்பங்கரைகளுக்குத் தானியமும் நெய்யும் இறைச்சியும் அக்கடல் வழியாகவே வந்தன. அதனுட் பிறநாட்டுக் கப்பல் நுழைவதைச் சுல்தான்கள் பொறுத்திலர். இரசியாவின் முதலாம் பீற்றர் அசோவ் கோட்டையைப் பிடித்து அக்கடலின் வாயிலை அணுகியபோதும், 1711இல் புரூத் நதிக்கரையிற் சுற்றிவளைக்கப்பட்டு, அதனைத் திருப்பிக் கொடுத்தே உயிர் தப்பினார். 1739ஆம் ஆண்டின் பெல்கிரேட் உடன்படிக்கையோ, கருங்கடலில் இரசியா கப்பல் வைத்திருத்தல் கூடாது எனவும், இரசிய வணிகர் தம் சரக்குகளைத் துருக்கியர் கப்பல்களிலேயே ஏற்றல் வேண்டும் எனவும் விதித்தது. போலந்து நாட்டுக் கலகக்காரரைத் துரத்திச் சென்றோர் ஒற்றோமன் எல்லையிலுள்ள பால்தா நகருட் புகுந்ததைக் காரணமாகக் கொண்டு, 1768இல் மூன்றாம் முஸ்தபா போர்தொடுத்தபோது, நிலைமை இதுவாகவே இருந்தது. போரைத் தொடக்கியவர் சுல்தானே என்பது மறக்கற்பாலதன்று.

போரின் கதையை விரிக்க வேண்டுவதில்லை. 1770இல் லார்கா, காகுல் என்னுமிடங்களில் ருமியந்சேவ் தம்மினும் பன்மடங்கு பெரிய படைகளை முறியடித்தார். அவ்வாண்டிலேயே பால்டிக் கடலினின்றும் புறப்பட்டு ஐரோப்பாவைச் சுற்றிவந்த இரசியக் கடற்படை, செஸ்மே விரிகுடாவில் ஒற்றோமன் கப்பல்களை எரித்தழித்தது. 1771இற் கிரைமியாவும் வீழ்ந்தது. எனினும் போர் அப்பொழுது முடிந்திலது. 1772இல் பொக்சானியிலும், அதனையடுத்துப் புக்காரெஸ்திலும் நடந்த சமாதானப் பேச்சுக்கள் ஒரே பொருளில் முட்டி நின்றன. கிரைமியத் தாத்தாரியர் தனியரசாதல் வேண்டும் என்றது இரசியா. முசிலிம் மக்கள் வாழும் நிலத்தைக் கைவிடுதல் சமயத்திற்கு அடாது என்றனர் சுல்தானின் உலமாக்கள். 1699ஆம் ஆண்டின் கார்லோவிற்சு உடன்படிக்கையிலே பேரரசு இழந்த நிலங்கள் பெரும்பாலும் கிறித்தவர் வாழ்ந்தவை. கிரைமியா அத்தகையதன்று.

1774 சனவரியில் முஸ்தபா இறந்தார். யூன் மாதம் கொஸ்லுசா என்னுமிடத்திற் கமென்ஸ்கியும் சுவோரோவும் ஈட்டிய வெற்றிக்குப் பின்னர், பெருவசீர் முசின்சாதே மெகமது பாசா சும்னுப் பாசறையில் அடைபட்டார். அவர் படை நாடோறுங் கலைந்தோடியது. சமாதானம் நாடியதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. சில வாரங்களில் அவரும் இறந்தார். ஆனாற் சமாதானத்தை விரும்பக் கதரீன் அரசிக்குங் காரணங்கள் இருந்தன. புகச்சேவ் என்பான் மூட்டிய உழவர் கலகம் வொல்கா நதிக்கரையெங்கும் தீயெனப் பரவிக்கொண்டிருந்தது. 1772இற் பங்கிட்ட போலந்தின் நிலையும் உறுதிப்படவில்லை. வென்றவரும் களைத்தே இருந்தனர் என்பதை உணராது அவ்வுடன்படிக்கையைப் படிப்போர், அதில் இரசியா திருப்பிக் கொடுத்தவற்றைக் கண்டு வியப்புறுவர்.

அது கொடுத்தது சிறிதன்று. மொல்தாவியா, வலாக்கியா, பெசராபியா என்பவற்றையும், ஈஜியன் கடலிற் கைப்பற்றிய தீவுகளையும் இரசியா மீளவளித்தது. பெற்றவையோ பரப்பளவிற் சிலவே: தினீப்பர் நதியின் வாயிலைக் காக்கும் கின்பேர்ன் கோட்டை, அந்நதிக்கும் பூக் நதிக்கும் இடைப்பட்ட வறண்ட வெளி, அசோவ், கேர்ச், யெனிக்காலே. ஆறாண்டுக் காலம் இரத்தஞ் சிந்திப் பெற்றது இவ்வளவுதானா எனத் தோன்றும். படத்தை விரித்துப் பார்ப்பின் விடை புலனாகும். கேர்ச்சும் யெனிக்காலேயும் அசோவ் கடலினின்று கருங்கடலுக்குச் செல்லும் இடுக்கின் இருபூட்டுக்கள். கின்பேர்ன் தினீப்பரின் வாயிலுக்குத் தாழ்ப்பாள். வயலை விட்டுக்கொடுத்து வாய்க்காலின் மதகைக் கேட்டு வாங்கியவனை ஏமாளி என்று எவருங் கூறார்.

மதகு கையில் வந்தபின் நீர் பாயவேண்டும். அதனை அளித்தது 11ஆம் உறுப்புரை. இரசிய வணிகக் கப்பல்கள் கருங்கடலிலும், பொஸ்பரஸ், தார்தனெல்ஸ் நீரிணைகளிலும் தடையின்றிச் செல்லலாம். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் உள்ள சலுகைகள் இரசிய வணிகருக்கும் உரியன. வேண்டுமிடமெல்லாம் கொன்சல்களை நியமிக்கலாம் என அது கூறிற்று. முந்நூறாண்டுக் காலம் மூடிக்கிடந்த கடல் ஒரே பந்தியில் திறக்கப்பட்டது. 1783இல் ஏற்பட்ட வணிக உடன்படிக்கை இச்சலுகைகளை மேலும் விரித்தது. ஒற்றோமன் குடிகளான கிரேக்கக் கப்பலோட்டிகள் பலர் இரசியக் கொடியின்கீழ்த் தம் கலங்களைச் செலுத்தலாயினர். 1794இல் நிறுவப்பட்ட ஒதேசாத் துறைமுகம் அடுத்த நூற்றாண்டிலே ஐரோப்பாவிற்குக் கோதுமை வழங்கும் பெருவாயில்களுள் ஒன்றாயிற்று. இவ்வுறுப்புரையிற் சொல் ஐயமற்றது, பொருளும் ஐயமற்றது. இருவரும் பெரும்பாலும் இதனைக் காத்தனர். உடன்படிக்கையின் மிக நீண்டகாலப் பயனும் இதுவே ஆகலாம். எனினும், பூசல் இல்லாத இடத்தில் எழுத்தாளருக்கு வேலையில்லை ஆதலின், இதுபற்றிக் கொட்டிய மை மிகக் குறைவு.

கிரைமியாவைப் பற்றிய 3ஆம் உறுப்புரை வேறு வகையானது. தாத்தாரியர் அனைவரும் எந்த அந்நிய அரசுக்கும் உட்படாத சுதந்திர மக்கள் என்றும், செங்கிஸ்கான் வழிவந்த தம் கானைத் தாமே தெரிவர் என்றும், அத்தெரிவில் இரு பேரரசுகளும் எவ்வாற்றானுந் தலையிடா என்றும் அது கூறுகின்றது. இவ்வளவு தெளிவான வாசகம் அவ்வுடன்படிக்கையில் வேறெங்கும் இல்லை. ஒரு மக்களின் சுதந்திரத்தை இருபெரு வல்லரசுகள் தம் கையொப்பத்தாற் காக்க உறுதி கூறின என்று இதனைப் படிப்போர் மகிழலாம். ஆனால், கையொப்பமிட்டோர் வரிசையில் அம்மக்களின் பிரதிநிதி ஒருவரேனும் இல்லை.

தெளிவு அம்மக்களைக் காக்கவில்லை. கிரைமியா சுல்தானின் வடவெல்லைக் கவசமாய் இருந்தது. போர்க்காலங்களில் ஆயிரமாயிரமாகக் குதிரைப்படை தந்தது. அதனைச் சுல்தானிடமிருந்து பிரிப்பதே இரசியாவின் முதற் குறிக்கோள். பிரித்ததைத் தன்னோடு சேர்ப்பது அடுத்த படி. 1777இல் இரசியப் படையின் துணையோடு சாகின் கிராய் கானாக அமர்த்தப்பட்டார். 1778இல் அந்நாட்டின் கிறித்தவக் குடிகளான கிரேக்கரும் ஆர்மீனியருமாக ஏறத்தாழ 31,000 பேரை இரசியர் தம் நிலத்திற்குப் பெயர்த்துச் சென்றனர். வணிகமும் கைத்தொழிலும் தோட்டப் பயிரும் அவர்கள் கையிலேயே பெரிதும் இருந்தன. ஆகவே கானின் திறைசேரியும் அவர்களோடு பெயர்ந்தது எனலாம். 1779இல் சுல்தான் சாகின் கிராயை ஏற்றுக்கொண்டார். 1783இற் கதரீன் ஓர் அறிக்கை விடுத்துக் கிரைமியாவைத் தம் பேரரசோடு இணைத்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திற் சுல்தான் அதற்கும் இணங்கினார். சுதந்திரம் ஒன்பதாண்டுகள் நின்றது. சாகின் கிராய், இரசியாவில் சிலகாலம் இருந்தபின், ஒற்றோமன் நாட்டை அடைந்து, 1787இல் ரோட்ஸ் தீவிற் கொல்லப்பட்டார்.

அம்மக்களின் பிற்கதை இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாலது. ஆயினும் ஒன்றிரண்டு ஆண்டுகளைக் குறியாது விடுதல் முறையன்று. 1783க்குப் பின்னரும், கிரைமியப் போருக்குப் பின்னரும் அவர்கள் கூட்டங்கூட்டமாகத் துருக்கிக்குப் புலம்பெயர்ந்தனர். 1944 மே மாதத்திற் சோவியத் அரசு எஞ்சியோருள் 1,80,000க்கு மேற்பட்டோரைப் புகைவண்டிகளில் ஏற்றிப் பெரும்பாலும் உஸ்பெக்கிஸ்தானுக்கு நாடுகடத்தியது. 2014இற் கிரைமியாவை இரசியா மீண்டுங் கைக்கொண்டபோது, 1783ஆம் ஆண்டின் அறிக்கை மீண்டும் ஏடுகளிற் பேசப்பட்டது. 3ஆம் உறுப்புரையைப் பேசியவர் மிகச் சிலர்.

அவ்வுறுப்புரையின் நடுவே ஒரு சிறு தொடர் உண்டு. சமயத் துறையில் மட்டும் தாத்தாரியர் சுல்தானைத் தம் உயர் கலீபாவாகக் கொண்டு ஒழுகலாம். அதனால் அவர்தம் அரசியற் சுதந்திரத்திற்கு ஊறு நேராது என்பது அதன் கருத்து. உலமாக்களின் வாயை அடைப்பதற்கும் சுல்தானின் மானத்தைக் காப்பதற்குமாகச் சேர்த்த ஆறுதல் வார்த்தை எனவே அதனைக் கொள்ளலாம். தம் ஆள்புலத்திற்கு வெளியே வாழும் முசிலிம்களுக்கும் ஒற்றோமன் சுல்தான் கலீபா என்பதை ஒரு கிறித்தவ வல்லரசு உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டது இதுவே முதன்முறை. நிலத்தை இழந்தவரின் கையில் எஞ்சிய இச்சொல்லை, நூறாண்டு கழித்து இரண்டாம் அப்துல் கமீது தம் அரசியலின் முதன்மைக் கருவியாக்கினார். 1919 முதல் இந்தியாவில் நடந்த கிலாபத்து இயக்கத்தின் பின்னணியில் அச்சொல்லின் வலிமை நின்றது. தோற்றவரும் உரையாசிரியராகலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று. 1924 மார்ச்சு மாதத்திலே துருக்கிக் குடியரசு கலீபாப் பதவியை ஒழிக்கும்வரை அவ்வுரை நின்று நிலவியது.

இனி, பெரும்பூசலுக்கு இடமான உறுப்புரைகளை நோக்குவோம். அவை 7, 14 என்னும் இரண்டு. கிறித்தவ சமயத்தையும் அதன் தேவாலயங்களையும் சுல்தானின் அரசு என்றும் பாதுகாக்கும் என்று 7ஆம் உறுப்புரை கூறுகின்றது. கொன்ஸ்தாந்திநோப்பிளில் அமைக்கப்படும் புதிய தேவாலயம் ஒன்றின் பொருட்டும், அதில் ஊழியஞ் செய்வோர் பொருட்டும் இரசியத் தூதுவர் முறையிடலாம் என்றும், அம்முறையீடு கவனிக்கப்படும் என்றும் மேலுங் கூறுகின்றது. அத்தேவாலயம் எதுவென 14ஆம் உறுப்புரை விளக்கும். தூதுவர் மாளிகையிலுள்ள சிற்றாலயத்திற்குப் புறம்பாக, கலாத்தாப் பகுதியிற் பேயோக்லு என்னுந் தெருவிலே இரசிய அரசு பொது ஆலயம் ஒன்று கட்டலாம். அஃது இரசியத் தூதுவரின் பாதுகாப்பில் இருக்கும் என்பதே அது.

இவ்விரண்டையுஞ் சேர்த்து நோக்குமிடத்துப் பெறப்படுவது யாது? கிறித்தவ சமயத்தைப் பாதுகாப்பவர் சுல்தான். இரசியத் தூதுவர் பாதுகாப்பது ஒரு தெருவிலுள்ள ஓர் ஆலயம். அவர் முறையிடுதற்கு உரிமை பெற்றதும் அவ்வோர் ஆலயத்தின் பொருட்டே. இதற்கு மேல் மூலத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் 1775இற் கதரீன் வெளியிட்ட அறிக்கையிலோ, வைதிகத் திருச்சபை தான் தோன்றிய நாடுகளில் இனி இரசியாவின் பாதுகாப்பிலிருக்கும் என்ற கருத்து இடம்பெற்றுவிட்டது. ஓர் ஆலயம் ஓராண்டினுள் ஒரு திருச்சபையாய் வளர்ந்தது.

மொழியும் இதற்குத் துணைபோயிற்று. உடன்படிக்கை இரசியம், துருக்கி, இத்தாலியம் ஆகிய மும்மொழிகளில் எழுதப்பட்டது. இரு தரப்பாருக்கும் பொதுவாயிருந்தது இத்தாலியமே. அதில் அவ்வாலயம் இரசிய-கிரேக்க ஆலயம் எனப்படுகின்றது. 1775இற் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் வெளிவந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலோ கிரேக்க வழிபாட்டு ஆலயம் என்றே உளது; இரசியம் என்னும் அடைமொழி காணப்படவில்லை. மேலைநாடுகளிற் பரவியது அம்மொழிபெயர்ப்பே. பிற்காலத்து ஆங்கில வாசகமும் அதனைத் தழுவியதே. இரசிய-கிரேக்க ஆலயமெனின் இரசியத் தூதரகத்தாரும் இரசிய வணிகரும் தொழும் இடம் என்று கொள்ள இடமுண்டு. கிரேக்க வழிபாட்டு ஆலயமெனின் சுல்தானின் கிரேக்கக் குடிகள் அனைவரும் கண்முன் வருவர். ஓர் அடைமொழி நீங்கியதால் விரிந்த இடைவெளி அத்தகையது. அது வேண்டுமென்றே செய்யப்பட்டதா, மொழிபெயர்ப்போனின் கவனக்குறைவா என்னும் வாதத்தை இங்கு எழுப்புதல் பயனற்றது. பயனடைந்தவர் யார் என்பது தெளிவு.

உடன்படிக்கை எழுதிய மை உலருமுன்னரே அதற்கு முதலுரை எழுதியவர் இரசியரல்லர், கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்த ஒசுத்திரியத் தூதுவர் துகுத் என்பது சுவையான செய்தி. இரசியரின் திறமையையும் துருக்கியரின் மடமையையும் எதிரெதிர் நிறுத்தி 1774இல் அவர் வியன்னாவிற்கு எழுதிய மடல்கள் பெரும்புகழ் பெற்றன. ஒற்றோமன் பேரரசு இனி இரசியாவின் ஒரு மாகாணம் போலாகும் என்பது அவர் கணிப்பு. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் சோரெல் 1878இற் கீழைத்தேயப் பிரச்சினை பற்றி வெளியிட்ட நூலிலும் துகுத்தின் தீர்ப்பே எதிரொலிக்கின்றது. துகுத்தின் மடல்களைச் சான்றாகக் கொள்வோர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். இரசியாவின் வளர்ச்சியை அஞ்சியதும் ஒசுத்திரியாவே. அவ்வச்சத்தைக் காரணமாக்கித் தானும் ஒரு பங்கு கொண்டதும் ஒசுத்திரியாவே. 1774இலேயே அதன் படைகள் புக்கோவினாவுட் புகுந்தன. மறு ஆண்டு அந்நிலம் அதற்கு உரியதாயிற்று. அயலான் வீடு பற்றியெரிகின்றது என்று கூவியவன், கூவிக்கொண்டே தன் வேலியை நகர்த்திய கதை இது.

மடமை என்ற பழியைச் சுமந்தவருள் ஒருவர் அகமது ரெஸ்மி. அவரைப் பற்றி அறிந்தோர் அப்பழியை ஏற்கத் தயங்குவர். வியன்னாவிற்கும், பின்னர் பேர்லினுக்கும் சுல்தானின் தூதுவராய்ச் சென்று மீண்டவர் அவர். ஐரோப்பிய அரசுகளின் படைவலியை நேரிற் கண்டறிந்த ஒருசிலருள் ஒருவர். போர் நடந்த காலத்திலேயே சமாதானத்தை வற்புறுத்தியவர். போரின் வரலாற்றை விமரிசித்து அவர் எழுதிய நூலில், எதிரியின் வலிமையை அறியாது போரை வேண்டியோரின் அறியாமை கடிந்துரைக்கப்படுகின்றது. வேர்ஜினியா அக்சன் 1995இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இவரது உருவத்தை நிழலிலிருந்து வெளிக்கொணர்ந்தது. கலைந்தோடும் படையொன்றின் சார்பிற் பேசவந்த இம்மனிதர், சமயப் பாதுகாப்பு என்னுஞ் சொல்லுக்குச் சுல்தானையே எழுவாயாக வைத்தது தற்செயல் என்று கொள்ளுதற்கில்லை.

மூலத்தையும் மொழிபெயர்ப்புக்களையும் ஒப்புநோக்கி, துகுத்தின் தீர்ப்பைத் தகர்த்தவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் றொடெறிக் டேவிசன். 1976இல் வெளிவந்த அவரது கட்டுரை, வைதிகக் கிறித்தவர் அனைவரையும் காக்கும் உரிமை இரசியாவிற்கு இவ்வுடன்படிக்கையால் வழங்கப்படவில்லை என்பதை ஐயத்திற்கிடமின்றி நிறுவிற்று. எழுத்தைப் பொறுத்தவரை அவர் கூற்றை மறுத்தற்கு இடமில்லை. எனினும், அதனைக் கொண்டே துருக்கியர் தோற்றிலர் என்று முடித்தல் பொருந்தாது. அவ்வாறு முடிப்போர் உறுப்புரையைப் படித்துவிட்டு அதன் வாழ்க்கையைப் படியாது விடுகின்றனர்.

அவ்வாழ்க்கையின் உச்சநிலை 1853. பலஸ்தீனப் புனித தலங்களில் இலத்தீன் துறவியருக்கும் கிரேக்கத் துறவியருக்கும் இடையே எழுந்த பிணக்கு முற்றிய வேளையில், சார் முதலாம் நிக்கொலாஸ் தம் தூதுவராக மென்சிக்கோவைக் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு அனுப்பினார். சுல்தானின் வைதிகக் கிறித்தவக் குடிகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் உறுதிசெய்க என்பது அவர் கொணர்ந்த கோரிக்கை. குச்சுக் கைனார்ஜியில் ஏற்கெனவே பெற்றதை மீளச் சொல்லுமாறு மட்டுமே கேட்பதாக இரசியர் கூறினர். ஏற்கெனவே பெற்றிருந்தாராயின் மீளக் கேட்டது எதற்கு என்னும் வினாவிற்கு அவர்களிடம் விடையில்லை. சுல்தான் மறுத்தார். இரசியப் படை மொல்தாவியாவிலும் வலாக்கியாவிலும் புகுந்தது.

போரைத் தவிர்க்க விரும்பிய வல்லரசுகளின் தூதுவர் வியன்னாவிற் கூடி ஒரு குறிப்பை வரைந்தனர். கிறித்தவ சமயப் பாதுகாப்புத் தொடர்பாகக் கைனார்ஜி, அதிரியானோப்பிள் உடன்படிக்கைகளின் எழுத்துக்கும் உட்கருத்துக்கும் சுல்தான் அமைந்தொழுகுவார் என்று அக்குறிப்பிற் கூறப்பட்டது. சார் உடனே உடன்பட்டார். ஒற்றோமன் அமைச்சர் அதனைப் படித்து, ஒரு திருத்தம் வேண்டினர். சுல்தானின் அரசினாற் கிறித்தவ சமயத்திற்கு அளிக்கப்படும் பாதுகாப்பு என எழுதுக என்றனர். வேற்றுமை ஒன்றே: பாதுகாப்பு என்னும் பெயருக்கு எழுவாய் யார்? எழுவாய் தோன்றாது நிற்பின், இரசியா அவ்விடத்திற் குடியேறும். எழுவாய் வெளிப்படின், 1774இல் ரெஸ்மியும் முனிப்பும் எழுதிய பொருளே நிற்கும். நிக்கொலாஸ் இத்திருத்தத்தை ஏற்க மறுத்தார். செப்டம்பர் மாதத்திற் செருமானியப் பத்திரிகையொன்றில் வெளிவந்த இரசிய அரசின் விளக்கம், அக்குறிப்பை அவர் எவ்வாறு பொருள்கொண்டார் என்பதை உலகிற்குக் காட்டிவிட்டது. ஒக்டோபரிற் சுல்தான் போர் அறிவித்தார். 1854இற் பிரித்தானியாவும் பிரான்சும் அப்போரிற் புகுந்தன.

ஏனைய உறுப்புரைகள் சிலவற்றைத் தொட்டுச் செல்லலாம். திருப்பியளித்த மொல்தாவியா, வலாக்கியா என்பவற்றின் சார்பில் இரசியத் தூதுவர் பரிந்துரைக்கலாம் என்ற 16ஆம் உறுப்புரையே, அவ்விரு நாடுகளிலும் இரசியா அடிக்கடி தலையிடுதற்கு மெய்யான அடிப்படையாய் அமைந்தது. சமய உறுப்புரைகளை நோக்க இதன் வாசகம் இரசியாவிற்குப் பெரிதும் சாதகமானது. இரசிய அரசியைப் பாதிசா என்று விளிக்கவும் சுல்தான் இணங்கினார். போர்ச்செலவிற்கென 75 இலட்சம் பியாஸ்தரை மூன்றாண்டுகளிற் செலுத்தவும் உடன்பட்டார். உடன்படிக்கை ஏற்புறுதி பெற்றது 1775 சனவரியில். கிரைமிய உறுப்புரையை மாற்றச் சுல்தானின் அரசு முயன்றமையே அத்தாமதத்திற்குக் காரணம்.

ஆகவே, துகுத்தின் வழியினர் கூறுவதும் டேவிசனின் வழியினர் கூறுவதும் ஒவ்வொரு கூறாகவே நிற்கின்றன. முன்னையோர், அதிகாரம் கைமாறியதைக் கண்டு, அதற்குக் காரணம் எழுதியோரின் சூழ்ச்சியென்றனர். பின்னையோர், எழுத்திற் சூழ்ச்சியில்லை என்று காட்டினர். எழுத்து எவ்வாறிருப்பினும் அதிகாரம் கைமாறியிருக்குமா என்பதே இருவருங் கேளாத வினா. ஐயத்திற்கு இடமற்ற கிரைமிய வாசகம் ஒன்பதாண்டில் அழிந்தது. ஓர் ஆலயத்தோடு அடங்கிய வாசகம் எண்பதாண்டு கழித்துப் பேரரசொன்றை விழுங்க வாய்திறந்தது. இரண்டிலும் உரை செய்தது ஒரே கை. கேர்ச்சையும் கின்பேர்னையும் பிடித்திருந்த கை. 1783இற் செவஸ்தொப்பூலில் அமைந்த கடற்படைத்தளமே அக்கை எழுதிய உரைகளுக்கு முத்திரையிட்டது. ஆயினும், வாசகத்தைக் கருதிக் காத்த ஒற்றோமன் எழுத்தாளரின் உழைப்பு வீணென்று கூறுதலும் நடுநிலையாகாது. 1853இற் சுல்தானின் அமைச்சர் ஒரு சொல்லிற் கால் ஊன்றி நின்றனர் எனின், ஊன்றுதற்கு அச்சொல் மூலத்தில் இருந்தது. அவர்களோடு நிற்கப் பிரித்தானியாவும் பிரான்சும் முன்வந்ததற்கு வேறு காரணங்கள் பல உண்டெனினும், தம் செயலுக்கு நியாயங் காட்ட அந்நாட்டாரும் அம்மூலத்தையே விரித்துப் படித்தனர்.

1856 மார்ச்சு 30இற் பாரிசிற் கையொப்பமான உடன்படிக்கையை வரைந்தோர் இவற்றையெல்லாம் அறிந்தவர்கள். கிறித்தவக் குடிகளின் உரிமைபற்றிச் சுல்தான் விடுத்த ஆணையை அவர்கள் 9ஆம் உறுப்புரையிற் குறித்தனர். குறித்த கையோடு, இதனால் வல்லரசுகள் தனித்தோ கூடியோ சுல்தானின் உள்நாட்டு ஆட்சியில் தலையிடும் உரிமை பெறா என்றும் வெளிப்பட எழுதினர். கருங்கடலிற் போர்க்கப்பலும் படைத்தளமும் இருத்தலாகாது என்றும் விதித்தனர். 1870 ஒக்டோபரில், பிரான்சு பிரசியாவிடம் தோற்றுக் கிடந்த வேளையில், அக்கருங்கடல் விதி தன்னைக் கட்டாது என இரசியா அறிவித்தது. மறு ஆண்டு இலண்டன் மாநாடு அதற்கு இணங்கியது. 1877இற் பல்கேரியக் கிறித்தவரைக் காக்கவென்று இரசியப் படை மீண்டுந் தன்யூப் நதியைக் கடந்தது. பேயோக்லுத் தெருவில் இரசியர் கட்டலாம் என்று 14ஆம் உறுப்புரை அனுமதித்த ஆலயமோ அதுகாறும் கட்டப்படவில்லை, பின்னருங் கட்டப்படவில்லை.